சொல்லிக்கொள்ளாமல் போவதில்லை

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு வீட்டுக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: குஷன் மாஸ்டர், அவர் மனைவி, பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கும் அவர்கள் மகள், மனைவியின் தம்பி (சாமான் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன்), அந்தத் தம்பியின் மனைவி. ஆக ஐந்து பேர். ஆறாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பிற்பாடு தாமும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களைக் கூட்டினால் ஒரு பேருந்து நிறையும். முக்கியமாக, அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ரேடியோ அன்று அங்கே இல்லை. அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

பேச்சு முழுவதும் மாஸ்டரின் கார்டைப் பற்றியது.

அவர்கள் பிழைக்க வந்திருந்த நாட்டில் வேலை செய்வதற்கான அனுமதியும் குடியிருப்பதற்கான அனுமதியும் சேர்ந்து ஒரே கார்டில் இருந்தன. முன்பக்கம் மாஸ்டரின் முகம். பின்பக்கம் முதலாளியின் பட்டறைப் பெயர். ஒருவரை விட்டு இன்னொருவரிடம் வேலைக்குப் போவதென்றால் பின்பக்கத்துப் பெயர் மாற வேண்டும். அதற்குப் புது முதலாளி விண்ணப்பம் போட வேண்டும். பழைய முதலாளி சரி என்று சொல்ல வேண்டும். போகிறவரும் சரி என்று சொல்ல வேண்டும். எல்லாம் போனிலேயே முடிகிற காரியம். புதுப் பட்டறையை நடத்தும் அம்மாள் விண்ணப்பம் போட்டுப் பல நாளாகிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் மூடுவதற்குள் எல்லாருடைய சம்மதமும் போய்ச் சேராவிட்டால் விண்ணப்பம் தானாகவே ரத்தாகிவிடும். பழைய பட்டறையையோ மாதக் கடைசியில் பூட்டப்போகிறார்கள். பட்டறை இல்லையென்றால் மாஸ்டரின் கார்டு இல்லை. மாஸ்டரின் கார்டு இல்லையென்றால், அதன் பின்னால் ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு வரும் மனைவியின் கார்டும் மகளின் கார்டும் இல்லை. மகள் இன்னும் இறுதித் தேர்வு எழுதவில்லை. பாதிப் படிப்பில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதலில் வாய் திறந்தவன் மச்சினன். பழைய முதலாளிக்கு உடைந்தது இடுப்பு எலும்பு, விரல் இல்லை என்றான். போனை எடுத்து ஒரு அமுக்கு அமுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்துகொண்டே வேண்டுமென்று இழுத்தடிக்கிறார், இப்படிப்பட்ட ஆட்களை நான் சரக்கு இறக்கும் இடங்களிலெல்லாம் பார்த்திருக்கிறேன் என்று அடித்துச் சொன்னான்.

"அவருக்கு நீங்க போறது பிடிக்கல அத்தான். அவ்வளவுதான் விஷயம். நாளைக்கு நான் போய் நாலு கேள்வி கேக்கறேன்."

"நீ யாரு கேக்கறதுக்கு?" என்றார் மாஸ்டர்.

"உங்க மச்சான்."

"அப்ப மச்சானா இரு. வந்தியா, சாப்பிட்டியா, கை கழுவினியா, அதோட நிறுத்திக்க."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி, தன் கண்ணில் வழிவது வெங்காயத்தால்தான், தன் புருஷனுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் இஸ்திரி போடும் மேசைதான் அவளுக்குப் படிப்பு மேசை. துணி இருக்கும்போது துணி, மற்ற நேரத்தில் கணக்குப் புத்தகம். அவள் அப்பாவிடம் கார்டைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மாஸ்டருக்குப் பெரிய பாரமாக இருந்தது.

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் சாய்வதற்காக வாழ்நாளெல்லாம் மெத்தை தைத்தவர், தாம் மட்டும் முதுகை நாற்காலிக்குக் கொடுக்க மாட்டார். அன்றும் ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அவரைப் பத்தி இந்த வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை தப்பாப் பேசக் கூடாது. நாம சாப்பிடுற சோத்துல அவர் கை இருக்கு."

மனைவி அவருடைய சட்டைப் பையை ஒரு தடவை பார்த்துவிட்டு உலையைக் கவனிக்கப் போனாள்.

அந்தச் சட்டைப் பைக்குள்தான் விஷயம் இருந்தது. போன வாரம் மாஸ்டரின் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. வேலை மாறுவதற்குச் சம்மதமா என்று கேட்டு, கீழே 'ஆம்' என்று ஒரு கட்டம், 'இல்லை' என்று ஒரு கட்டம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு எதையும் தொடாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவர் கணக்கு இது. தாம் 'ஆம்' என்று அமுக்கினால் அடுத்த நிமிடம் அது முதலாளியின் போனில் போய் டிங் என்று விழும். இத்தனை வருஷம் சோறு போட்ட மனிதர் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். அவருக்கு இந்தச் செய்தி ஒரு போன் மணியாகவா போய்ச் சேருவது? மாஸ்டரின் குடும்பத்தில் யாரும் யாரிடமிருந்தும் அப்படிப் போனதில்லை. எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து, சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். மாஸ்டரின் தகப்பனார் வாடகை வீட்டைக் காலி செய்தபோதுகூட அந்தத் தெருவில் இருந்த எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தவர். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் போனார். ஆகவே முதலில் வாயால் சொல்வது, பிறகு விரலால் அமுக்குவது என்று மாஸ்டர் முடிவு செய்திருந்தார்.

முடிவில் ஒரு குறையும் இல்லை. வாய்தான் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு முதலாளி எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும். மாஸ்டர் அந்த நாட்டில் முதன்முதலாக இறங்கிய அன்று விமான நிலைய வாசலில் எலும்பைக் குத்துகிற குளிர். முதலாளி தாம் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி, பெயரைக்கூடக் கேட்காமல், இவருக்கு மாட்டிவிட்டுத்தான் 'வாங்க' என்றார். பட்டறை என்று பெரிய பெயர். உள்ளே இருந்தது ஒரு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, கூரை வரை அடுக்கிய ஃபோம். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பாட்டுக் கடை நாற்காலி, பல் மருத்துவர் வீட்டுச் சோபா, கல்யாண மண்டப இருக்கை என்று எதுவும் விடாமல் தைத்தார்கள். மாஸ்டரின் மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் வரவழைத்தபோது, வீடு கிடைக்கும்வரை முதலாளி தம் வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். முதலாளியின் மனைவி அப்போது இருந்தார். குழந்தை அழுதால் யார் முதலில் எழுந்திருப்பது என்று இரண்டு பெண்களும் போட்டி போட்டார்கள்.

ஒரு தடவை வளைந்த ஊசி மாஸ்டரின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கை கட்டோடு அவர் வீட்டில் இருந்த நாட்களில், ஒத்துக்கொண்ட நாற்காலிகளை முதலாளி தாமே உட்கார்ந்து தைத்து முடித்தார். முதலாளிக்கு வியாபாரம் வரும், தையல் வராது. ஓரத்தில் வைக்கும் பைப்பிங் பாம்பு ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. மாஸ்டர் திரும்பி வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி வெளியே போன நேரம் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பத் தைத்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கட்டிடத்துக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டார். அதே மாதத்தில் முதலாளி மேல் அலமாரியிலிருந்து ரெக்சின் சுருளை இழுத்தபோது ஏணியோடு சாய்ந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் மருத்துவமனையில் சேர்ந்த சில நாளில் பட்டறைக்கு ஒரு அம்மாள் வந்தார். ஊரின் இன்னொரு பக்கத்தில் பெரிய குஷன் பட்டறை நடத்துகிறவர். அந்நியர், தமிழ் தெரியாது. வந்தவர் உட்காரவில்லை. முடித்து வைத்திருந்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக் கவிழ்த்து அடிப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். யாரும் பார்க்காத அடித்துணியில்கூட மாஸ்டர் ஓரம் மடித்து ஒரே சீராக ஸ்டேபிள் அடித்திருப்பார். அந்த அம்மாள் நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, என் பட்டறைக்கு வருகிறீர்களா என்று நேராகக் கேட்டார். மாஸ்டருக்கு உள்ளே ஒரு பெருமை பொங்கியது. யார் சிபாரிசும் இல்லாமல், கைவேலை தேடிக்கொண்டு வந்த அழைப்பு. அதை மனைவியிடம் சொல்லும்போது வழக்கத்தைவிட நிமிர்ந்து நின்று சொன்னார்.

பிறகு அந்தப் பட்டறையைப் பார்த்து வரவும் போனார். அங்கே ஒருவன் நாற்காலிச் சட்டத்தில் மெத்தையைத் தாங்கும் பெல்ட்டை இறுக்கமில்லாமல் தொளதொள என்று அடித்துக்கொண்டிருந்தான். மாஸ்டருக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் கார்டில் பெயர் மாறாமல் அங்கே ஒரு ஆணியைத் தொட்டாலும் சட்டப்படி தப்பு. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, போலீஸ்காரர் மாதிரி முழுப் பட்டறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த அம்மாள் இடையில் ஒரு நாள் போன் செய்து, ஏன் இன்னும் முடியவில்லை என்று விசாரித்தார். ஒரு மரியாதை பாக்கி இருக்கிறது என்று மாஸ்டர் தமக்குத் தெரிந்த மட்டில் அவர் பாஷையில் சொன்னார். அந்த அம்மாள் அது ஏதோ சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டு, எந்த அலுவலகத்தில் கொடுப்பார்கள், நான் வேண்டுமானால் அங்கே பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி மாஸ்டர் போனை வைத்துவிட்டார்.

மருத்துவமனைக்கு அவர் போகாத மாலை கிடையாது. பட்டறையைப் பூட்டிக்கொண்டு, மனைவி கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு நேரே அங்கேதான். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் தைத்துக்கொண்டே போவார். அறைக்குள் நுழைந்ததும் தையல் விட்டுப்போகும். தலையணையைத் தட்டிப் போடுவார். டப்பாவைத் திறந்து வைப்பார். முதலாளி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "வேற என்ன விசேஷம் மாஸ்டர்?" என்பார். "ஒண்ணுமில்ல முதலாளி" என்பார் இவர். உடனே முதலாளி ஆரம்பிப்பார்: கால் ஊன்றியதும் வேறு இடம் பார்க்கலாம், இந்தத் தடவை பின்பக்கம் நல்ல வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும், மிஷினை ஜன்னல் ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம். மாஸ்டர் தலையாட்டுவார். இந்த மனிதரிடம் நான் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் இனி எழுந்து வரப்போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதும் அதுவும் ஒன்றல்லவா?

அந்த வாரம் முதலாளியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் பழக்க ஆரம்பித்திருந்தார்கள். மாஸ்டர் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். இருக்கை ரெக்சின் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிப்போயிருந்தது. உடைந்த பக்கமாக முதலாளி சரிந்து சரிந்து உட்கார்ந்திருந்தார். அளவு நாடா கையில் இல்லை. சாண் போட்டு அளந்துகொண்டார். மறுநாள் பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குஷன் தைத்தார். அடியில் கெட்டி ஃபோம், மேலே மிருது, உடைந்த பக்கம் ஒரு விரல் தடிமன் கூடுதல். புதன்கிழமை கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் கூடுதல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதைத் திரும்ப எடுத்து வந்தார். குஷன் சரியாகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தமக்குத்தாமே ஒரு தவணை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி பேச்சை எடுத்தாள். அவள் குரலை உயர்த்துகிறவள் அல்ல. உயர்த்தாததால்தான் அந்த வீட்டில் அவள் சொன்னது நடந்தது.

"உங்க பையில என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியும். துவைக்கப் போடும்போது போனை எடுத்து வெச்சேன். படிச்சேன்."

மாஸ்டர் ஈரத் துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். அவர் உங்க முதலாளி, நீங்களும் அவருக்கு ஏத்த ஆளு. நடுவுல நான் எதுக்கு? ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"சொல்லாம அமுக்க மாட்டேன்."

"சொல்லாம அமுக்கச் சொல்லல. அப்படி அமுக்கிட்டு வந்தா எனக்கும்தான் அவமானம். அவர் வீட்டு அக்கா கையால நான் சாப்பிட்டிருக்கேன்." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நாளைக்கு நானும் வரேன். நீங்க சொல்றீங்க. இல்ல, நான் சொல்றேன். நான் சொன்னா அது உங்களுக்கு மரியாதை இல்ல. யோசிச்சுக்கங்க."

அறையில் இஸ்திரி மேசைப் பக்கம் புத்தகம் புரளும் சத்தம் கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை. மகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியமே மாஸ்டர் பட்டறையைப் பூட்டினார். குஷனும், கால் வைக்கத் தனியாகத் தைத்த ஒரு திண்டும் இருந்ததால் மச்சினன் வண்டியைக் கொண்டுவந்தான். நாலு கேள்வி கேட்கும் ஆசை அவனுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு ஓட்டினான். மருத்துவமனை வாசலில் நிறுத்த இடமில்லை. அவர்களை இறக்கிவிட்டு அவன் சுற்றப் போனான்.

முதலாளி சக்கர நாற்காலியில்தான் இருந்தார். மாஸ்டர் வணக்கம் சொன்ன கையோடு அவரைத் தாங்கிப் பிடித்து, அடியில் குஷனைப் போட்டார். உட்கார்ந்ததும் முதலாளியின் உடம்பு நேராக நின்றது. இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அவர் கையால் இருக்கையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். குஷன் நழுவாமல் இருக்க நாற்காலிக்கு அடியில் பட்டி கட்ட வேண்டும். மாஸ்டர் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, தலையைக் குனிந்து, முதலாளியின் காலடியில் நாற்காலிக்குக் கீழே கையை விட்டார்.

"மாஸ்டர்" என்றார் முதலாளி, தலைக்கு மேலிருந்து. "ஒரு வாரமா எங்கிட்ட ஒண்ணு சொல்லாம இருக்கீங்க."

"பட்டி கட்டறேன் முதலாளி."

"கட்டுங்க. காது சும்மாதானே இருக்கு. அந்தம்மா விண்ணப்பம் போட்டாங்க பாருங்க, அன்னைக்கே எனக்கு வந்துது. அன்னைக்கே சரின்னு அமுக்கிட்டேன். நான் அமுக்கினாத்தான் உங்களுக்கு வரும். வந்திருக்கணுமே?"

மாஸ்டரின் கை பட்டியிலேயே நின்றது.

"வந்துது."

"அப்புறம்?"

"உங்ககிட்ட சொல்லிக்காம எப்படி?"

"சொல்ல வேண்டியதுதானே? தினம் வர்றீங்க. டப்பா தர்றீங்க. தலைகாணியப் போட்டு அடிக்கறீங்க. என்ன விசேஷம்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுட்டுப் போயிடறீங்க. நான் என்ன, உங்க சட்டைப் பைக்குள்ள எட்டிப் பாக்கவா?"

அப்போதுதான் மாஸ்டர் சொன்னார். மேலே பார்த்துச் சொல்லவில்லை. நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நான் போறேன்னு சொன்னா, நீங்க இனிமே எழுந்து வர மாட்டீங்கன்னு நானே தீர்ப்பு எழுதின மாதிரி ஆயிடும். புது இடம் பாக்கலாம், ஜன்னல் ஓரமா மிஷின் போடலாம்னு தினம் சொல்றீங்களே."

முதலாளி வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பு வலித்ததால் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"அது உங்களுக்காகச் சொன்னதுங்க. பட்டறையும் இல்ல, இடமும் இல்லன்னு சொன்னா, உங்களக் கழட்டி விட்டுட்டேன்னு நெனச்சிடுவீங்களேன்னு சொன்னேன். எனக்கு இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு எதுக்கு ஜன்னலும் மிஷினும்? என் பையன் கீழ்த்தளமா ஒரு அறை பாத்திருக்கான். அதுல போய் உக்காந்துக்கப் போறேன்."

மாஸ்டரின் மனைவி அதுவரை சுவர் ஓரமாக நின்றிருந்தாள். "ரெண்டு பேரும் நல்லாத்தான் நாடகம் போட்டிருக்கீங்க" என்றாள். "நடுவுல எம்பொண்ணு தூங்கல."

அது முதலாளிக்குச் சுருக்கென்று பட்டது. மகளின் பரீட்சை எப்போது என்று விசாரித்தார். சொன்னதும் கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அந்தக் குழந்தைக்கு முதல் அடி எடுத்து வைக்கப் பழக்கியது என் வீட்டு முன்னறையில் என்பதை மறந்துவிட்டீர்களா, எனக்கு அது தெரிந்திருந்தால் முதல் நாளே கேட்டிருக்க மாட்டேனா என்று இரண்டு பேரையும் கடிந்துகொண்டார். அந்தத் திட்டைக் கேட்க மாஸ்டருக்குச் சுகமாக இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் முதலாளி. "அந்தம்மாவை உங்ககிட்ட அனுப்பினதே நான்தான்."

மாஸ்டர் தலையைத் தூக்கினார். நாற்காலியின் கைப்பிடி நெற்றியில் இடித்தது.

"நீங்களா?"

"கட்டில்ல கெடந்துக்கிட்டு வேற என்ன வேலை? போன் போட்டேன். எங்கிட்ட ஒருத்தர் இருக்கார், போய் ஒரு நாற்காலியக் கவுத்துப் பாருங்கன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. மிச்சத்தை நாற்காலி சொல்லியிருக்கும்."

தம் கைவேலை தேடிக்கொண்டு வந்த அழைப்பு என்று மாஸ்டர் மனைவியிடம் நிமிர்ந்து நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாஸ்டருக்கு ஒரு கணம் கோபம் வந்த மாதிரி இருந்தது. தேடிப் பார்த்தால் உள்ளே கோபம் இல்லை. தமக்குத் தெரியாமலே தமக்காக ஒருவர் படுக்கையிலிருந்து போன் போட்டிருக்கிறார். போட்டதோடு நிற்காமல், மானம் நோகாமல் இருக்க அதை மறைத்தும் வைத்திருக்கிறார்.

"எங்கிட்ட சொல்லலியே" என்றார்.

"சொன்னா வேணாம்னு முறுக்கிக்குவீங்க. நான் தெச்ச நாற்காலி எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பத் தெச்சீங்களே, அதை நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?"

மாஸ்டர் மறுபடி குனிந்து பட்டியைப் பிடித்தார்.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் கதவைத் திறந்தான். வண்டியை வாசலில் குறுக்கே விட்டிருக்கிறேன், சீக்கிரம் என்று சொல்ல வந்தவன். அவன் கண்ணில் பட்டது, அத்தான் முதலாளியின் காலடியில் முழங்கால் போட்டுக் குனிந்திருப்பது. வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். அவன் வந்ததை உள்ளே இருந்தவர்கள் கவனிக்கவில்லை.

பட்டியை இறுக்கி முடித்துவிட்டு மாஸ்டர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதலாளியின் எதிரில் நேராக நின்றார்.

"முதலாளி, எனக்கு வேற இடத்துல வேலை கெடச்சிருக்கு. உங்க சம்மதத்தோட போலாம்னு இருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் முதலாளி, அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி.

மாஸ்டர் போனை எடுத்து 'ஆம்' என்ற கட்டத்தில் கட்டைவிரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தி வைத்தார். அப்போதும் இல்லை. எத்தனையோ வருஷத்துப் பசையும் ஊசியும் சேர்ந்து அந்த விரல் நுனி ரெக்சின் மாதிரி ஆகியிருந்தது. போனுக்கு அது மனித விரல் என்றே தெரியவில்லை. ஆள்காட்டி விரலும் அப்படித்தான். நான் அமுக்கட்டுமா என்று மனைவி கையை நீட்டினாள். சம்மதம் தம்முடையது, விரலும் தம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். அறைக் குழாயில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். முதலாளி கட்டில் ஓரத்து ஈரத் துணி ஒன்றைக் கொடுத்தார். அதிலும் துடைத்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, சீக்கிரம் அமுக்குங்கள் என்று முதலாளி கெஞ்சினார். கடைசியில் சுண்டுவிரல் உதவியது. அந்த விரலில் மட்டும் வேலை ஏறவில்லை.

முதலாளியின் போனில் டிங் என்று ஒரு சத்தம் விழுந்தது. அவர் எடுத்துப் பார்த்தார்.

"முடிஞ்சுது. போயிட்டு வாங்க மாஸ்டர்."

"போயிட்டு வரேன் முதலாளி."

அன்று மாலையே அந்த அம்மாளுக்கும் செய்தி போய்விட்டது. புதுக் கார்டு வந்தது. அதன் பின்னாலேயே மற்ற இரண்டு கார்டுகளும் வந்தன. மகள் பரீட்சை எழுதினாள். கணக்கில் நன்றாகச் செய்திருப்பதாகச் சொல்கிறாள். புதுப் பட்டறையில் முதல் நாள் அந்த அம்மாள், பாக்கி என்று சொன்னீர்களே, அந்தச் சான்றிதழ் கிடைத்துவிட்டதா என்று நினைவாகக் கேட்டார். கிடைத்துவிட்டது என்றார் மாஸ்டர். பிறகு, தொளதொள என்று பெல்ட் அடித்துக்கொண்டிருந்தவனிடம் போய், தைரியமாக அவன் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார்.

நன்றி என்ற வார்த்தையை மாஸ்டர் முதலாளியிடம் இதுவரை சொன்னதில்லை. அந்தக் குடும்பத்தில் வேண்டியவர்களிடம் அதைச் சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால் கணக்குத் தீர்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கணவனும் மனைவியும் டப்பாவோடு அந்தக் கீழ்த்தளத்து அறைக்குப் போகிறார்கள். மாஸ்டர் முதலில் குஷனைக் கையால் அழுத்திப் பார்க்கிறார். ஃபோம் அமுங்கியிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து மாற்றித் தைக்கிறார். "வேற என்ன விசேஷம்?" என்று முதலாளி கேட்கிறார். இப்போதெல்லாம் மாஸ்டர் ஒன்று விடாமல் சொல்கிறார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று மனைவிதான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

மச்சினன் அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளே ரேடியோவின் கடைக்கு முடிவெட்டிக்கொள்ளப் போனான் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய முதலாளி கார்டைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவில்லை என்றும், மாஸ்டர் மருத்துவமனையில் அவர் காலில் விழுந்து அழுது சம்மதம் வாங்கினார் என்றும், அதைத் தம் கண்ணால் பார்த்ததாகவும் ரேடியோ தம் கடையில் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ரேடியோ அங்கே இல்லை. முதலாளி முதல் நாளே சம்மதம் கொடுத்துவிட்டார். மாஸ்டர் யார் காலிலும் விழவில்லை; நாற்காலிக்கு அடியில் பட்டி கட்டினார்.